82: ஒரு பேராசிரியரின் பொய்க்கணக்கு

நுண்ணறிவைப் பற்றி எழுத நுண்ணறிவு தேவையில்லை என்று நிறுவுவதற்காகவே சென்ற இதழில் அத்தனை பக்கங்களை ஒதுக்கியிருந்தார்கள் போலும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், புதுச்சேரியில் 2023 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் கிடைத்துவரும் 10 சதவீத உள்ஒதுக்கீடு அறிவியலுக்கே விரோதம் என்று முதலில் தீர்ப்பை எழுதிவிட்டு, பிறகு அதற்குத் தோதான சாட்சிகளைத் தேடிக் கிளம்பியிருக்கிறார். கிடைத்த சாட்சிகள் மூன்று. இந்தியர்களின் சராசரி ஐ.க்யூ. 82 என்றொரு எண்; மொழியும் பண்பாடும் தீண்டாத தூய படத்தேர்வு ஒன்று; அறிவு ரத்தத்தில் வருவது என்று சொல்லும் இரட்டையர் ஆய்வுகள். இம்மூன்றையும் வாய்மூடி ஒப்புக்கொண்டால் கடைசியில் ஒரு யோசனை வந்து நிற்கிறது: அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஐ.க்யூ. தேர்வு வைத்து, மேலே வந்தவர்களை மேற்படிப்புக்கும் கீழே நின்றவர்களைக் கைத்தொழிலுக்கும் பத்து வயதிலேயே பிரித்துவிடலாமாம். அந்தப் பிள்ளைகள் நடமாடும் அரியாங்குப்பத்தில் குடியிருப்பவன் என்ற முறையில், சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றிப் பார்க்க எனக்கு உரிமையுண்டு என்று நினைக்கிறேன்.

முதல் சாட்சி 82. இந்த எண் எங்கே பிறந்தது என்பதைப் பற்றிப் பேராசிரியர் மூச்சுவிடவில்லை. 'உலகளாவிய ஆய்வுகள்' என்று பன்மைக்குள் ஒளித்துவிட்டார். பன்மையெல்லாம் எதற்கு? ஆள் ஒருவர்தான்: அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த ரிச்சர்ட் லின். பின்லாந்துக்காரரான டாட்டு வான்ஹானெனோடு சேர்ந்து 2002இல் அவர் வெளியிட்ட நூலில் இந்தியாவுக்குப் போட்ட மதிப்பெண் 81. நான்காண்டு கழித்து வந்த அடுத்த நூலில் பெரிய மனது பண்ணி ஒன்று கூட்டி 82 ஆக்கினார். 185 நாடுகளுக்கு எண் வழங்கிய அந்த முதல் நூலில் தேர்வு முடிவென்று ஏதோ ஒன்று கையிலிருந்தது 81 நாடுகளுக்குத்தான். மிச்சம் 104 நாடுகளுக்கும் அக்கம்பக்கத்து நாடுகளைப் பார்த்துத் தோராயமாகப் போட்டுக்கொண்டார்கள். தரவு கையிலிருந்ததாகச் சொன்ன நாடுகளின் லட்சணம் அதைவிட விசேஷம். எக்குவடோரியல் கினி என்ற ஆப்பிரிக்க நாட்டின் சராசரி 59 என்று அறிவித்தார்கள். தோண்டிப் பார்த்தால் அது ஸ்பெயினில், வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளிடம் எடுத்த எண். லின்னுக்கு அளித்திருந்த மதிப்புறு பேராசிரியர் பட்டத்தை அல்ஸ்டர் பல்கலைக்கழகம் 2018இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. மனித நடத்தையைப் பரிணாம நோக்கில் ஆராயும் ஐரோப்பிய ஆய்வாளர் சங்கம், இந்தத் தரவை வைத்து எட்டும் எந்த முடிவும் செல்லாது என்று 2020இல் வெளிப்படையாக அறிவித்தது. அறிவித்தவர்கள் மரபணு என்றால் முகம் சுளிக்கும் இடதுசாரிகள் அல்லர். பரிணாமத்தைத் தொழிலாகவே கொண்டவர்கள். இதெல்லாம் நம்மவருக்குத் தெரியாதா? தெரியாது என்றால் அவர் படிக்கவில்லை. தெரியும் என்றால் அவர் நம்மைப் படிக்காதவர்கள் என்று நினைத்திருக்கிறார். எது அவருக்குக் கௌரவமோ அதை அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

நூலைத்தான் படிக்கவில்லை, கணக்காவது போட்டிருக்கலாம் அல்லவா? ஐ.க்யூ. என்பது 100ஐ நடுவாகவும் 15ஐத் திட்ட விலக்கமாகவும் வைத்துக்கொண்ட அளவு. 70க்குக் கீழே போனால் அறிவுசார் குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்க்கத் தொடங்குவார்கள். நடு 82 என்றால் 70 என்பது அதிலிருந்து 12 புள்ளிதான் கீழே. பி.எட். மாணவர்கள் புரட்டும் அட்டவணையை எடுத்துப் பார்த்தால், மக்கள்தொகையில் 21 சதவீதம் அந்தக் கோட்டுக்குக் கீழே விழுகிறது. அதாவது ஐந்து பேரில் ஒருவர்! அரியாங்குப்பம் பாலத்தில் நின்று வருகிற போகிறவர்களை எண்ணிப் பார்த்தால் ஐந்தாவது ஆள் ஒவ்வொருவரும் வாழ்நாள் முழுக்கப் பிறர் துணையை நாட வேண்டியவர் என்று பேராசிரியர் உண்மையிலேயே நம்புகிறாரா? அவருடைய வீட்டுக்கு வயரிங் செய்தவரும், காரை ஓட்டுபவரும், வங்கியில் அவருடைய ஓய்வூதியக் கணக்கைச் சரிபார்ப்பவரும் இந்த நாட்டுக்காரர்கள்தானே? உலகம் இப்படி இல்லை என்று கண்ணுக்கு முன்னால் தெரிகிறபோது அளவுகோலைச் சந்தேகிப்பவன் விஞ்ஞானி. உலகத்தைச் சந்தேகிப்பவரை என்ன பெயரிட்டு அழைப்பது?

இரண்டாம் சாட்சி, ரேவன் தேர்வு. இங்கிலாந்தில் ஜான் ரேவன் 1938இல் வெளியிட்டது. ஒரு பெரிய கட்டத்துக்குள் மூன்று வரிசையில் மும்மூன்று உருவங்கள்; வலது கீழ்மூலை மட்டும் காலி. குறுக்கே போனால் கோடு ஒன்று கூடும், கீழே இறங்கினால் வட்டம் ஒன்று கறுக்கும். அந்த விதியைப் பிடித்து, அடியில் கொடுத்துள்ள எட்டு உருவங்களில் காலி இடத்துக்குரியதை எடுக்க வேண்டும். சொல் இல்லை, எனவே மொழி இல்லை; மொழி இல்லை, எனவே பண்பாடு இல்லை; பண்பாடு இல்லை, எனவே வெளிப்படுவது கலப்படமற்ற பிறவி அறிவு. பேராசிரியரின் தர்க்கம் இப்படிப் படியிறங்குகிறது. ஒவ்வொரு படியும் உடைந்த படி. காகிதத்தில் கிடக்கும் கோட்டுக்கு அர்த்தம் உண்டு, இடமிருந்து வலமாகப் பார்க்க வேண்டும், முன்பின் தெரியாத ஒருவர் பயனே இல்லாத புதிரை நீட்டினால் அதை மெனக்கெட்டு விடுவிக்க வேண்டும் என்பதெல்லாம் பள்ளிக்கூடம் கொடுத்த பழக்கங்கள். இது என் ஊகம் என்று ஒதுக்கலாம். நியூசிலாந்தின் ஜேம்ஸ் ஃப்ளின் 1987இல் 14 நாடுகளின் முடிவுகளைத் திரட்டி வைத்ததை எப்படி ஒதுக்குவார்? நெதர்லாந்தில் ராணுவச் சேர்க்கைக்கு வந்த இளைஞர்கள் ரேவன் வகைத் தேர்வில் 1952க்கும் 1982க்கும் இடையில் ஏறத்தாழ 20 புள்ளி ஏறியிருந்தார்கள். 30 ஆண்டில் ஒரு நாட்டின் மரபணு மாறாது; ஒரு தலைமுறையின் பள்ளியும் சோறும் வேலையும் மாறும். பண்பாடு தீண்டாது என்று சத்தியம் செய்யப்பட்ட தேர்வில்தான் ஏற்றம் மிக அதிகமாக இருந்தது என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. பிறவி அறிவையே அது அளக்கிறது என்று இன்னும் பிடிவாதம் பிடித்தால், டச்சுக்காரர்களின் தகப்பன்மாரில் கால்வாசிப் பேர் மந்தபுத்திக்காரர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். போடுவாரா?

இதே ரேவன் தேர்வை நம் எல்லைக்கு அந்தப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உலகளாவிய ஆய்வுகளைத் தேடி அல்ஸ்டர் வரை போன பேராசிரியருக்கு வில்லியனூரைத் தாண்டினால் வரும் விழுப்புரம் கண்ணில் படவில்லை. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் ஆராய்ந்து, 'சயின்ஸ்' இதழில் 2013 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். கரும்பு விவசாயியின் கையில் காசு புரளும் விதம் நம் பாகூர்ப் பக்கத்தாருக்குத் தெரியும். வெட்டி ஆலைக்கு அனுப்பிய பிறகுதான் பணம். அதுவும் மொத்தமாக, வருஷத்துக்கு ஒருமுறை. அது வருவதற்கு முந்தைய மாதங்களில் உரக்கடை பாக்கி, பிள்ளையின் கட்டணம், ஒரு கல்யாணச் செலவு என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். ஆய்வில் வந்தவர்களில் அறுவடைக்கு முன் நகையையோ பண்டத்தையோ அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதம். அறுவடைக்குப் பின் அடகு வைத்திருந்தவர்கள் 4 சதவீதம். ஒரே விவசாயியை இரண்டு முறையும் உட்கார வைத்து 10 ரேவன் புதிர்களைக் கொடுத்தார்கள். பணம் வருவதற்கு முன் சராசரியாக 4.35 சரி, வந்த பின் 5.45. முழுசாகக் கால் பங்கு ஏற்றம்.

ஆள் அதே ஆள். அப்பன் பாட்டன் மாறவில்லை, ரத்தம் மாறவில்லை, சாதி மாறவில்லை. அடகுச் சீட்டு மட்டும் கையைவிட்டுப் போயிருக்கிறது. சில மாத இடைவெளியில் அவருக்கு இரண்டு பிறவி அறிவு எப்படி வந்தது? இரண்டாம் முறை எழுதுகிறபோது பழக்கம் கைகொடுத்திருக்கும் என்று பேராசிரியர் எழுந்து நிற்பார். எழுவார் என்று தெரிந்தே, நூறு பேரை முதல் சுற்றில் சேர்க்காமல் நிறுத்திவைத்து, அறுவடைக்குப் பின்னரே முதல் தடவையாகச் சோதித்தார்கள். அவர்களும் இரண்டாம் முறை எழுதியவர்களுக்கு இளைத்தவர்களாக இல்லை. பருவத்தின் விளைவு என்பாரா? ஆலை ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு தேதியில் வெட்டச் சொல்வதால், அறுவடை ஒரே நேரத்தில் நடப்பதில்லை. பல மாதங்களுக்குப் பரவிக் கிடக்கிறது. குறை சொல்லப்படாத ஆய்வு அல்ல இது. அமெரிக்க வணிக வளாகத்தில் நடத்திய இன்னொரு பகுதியின் புள்ளியியலை விக்கெர்ட்ஸும் ஸ்கால்டனும் அதே இதழில் கேள்வி கேட்டார்கள், ஆசிரியர்கள் பதில் சொன்னார்கள். ஆய்வு என்றால் அப்படித்தான் இருக்கும். லின்னின் 59 போல யாரும் கேட்காதவரை பத்திரமாக இருப்பதற்கு வேறு பெயர்.

மூன்றாம் சாட்சியிடம் சற்று மரியாதையாகவே நடந்துகொள்கிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. இரட்டையர் ஆய்வென்றதும் நம்மவர் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வது இங்கிலாந்து உளவியலாளர் சிரில் பர்ட்டைத்தான். தனித்தனியே வளர்ந்த ஒரே கரு இரட்டையர்கள் 21 இணைகள் என்று 1955இல் பர்ட் எழுதியபோது அவர்களுடைய மதிப்பெண்களின் ஒட்டுறவு 0.771. பிறகு 30 இணைகளுக்கு மேல் ஆனபோதும் 0.771. 1966இல் 53 இணைகள் ஆனபோதும், நம்புங்கள், அதே 0.771. மூன்றாம் தசம இடம்கூட அசையாத இந்த அதிசயத்தை லியோன் காமின் 1974இல் போட்டுடைத்தார். பர்ட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரே 1979இல் மோசடியை ஒப்புக்கொண்டார். பேராசிரியரின் கட்டுரையில் பர்ட் இன்னும் 'மேதை'. போகட்டும். பர்ட்டைத் தூக்கி எறிந்தாலும் மினசோட்டா போன்ற நேர்மையான இரட்டையர் ஆய்வுகள் நிற்கின்றன. ஒரே சமூகத்துக்குள் ஆளுக்கு ஆள் காணும் மதிப்பெண் வேறுபாட்டில் மரபுக்குக் கணிசமான பங்குண்டு என்று அவை சொல்கின்றன, எனக்கு மறுப்பில்லை. அங்கிருந்து ஒரு தாவு தாவி, இரண்டு சமூகங்களுக்கு இடையிலுள்ள வேறுபாடும் மரபுதான் என்று இவர் போய் விழும் இடத்தில்தான் தரை இல்லை.

ரிச்சர்ட் லெவான்டின் என்ற மரபியலாளர் இதற்கு ஒரு கணக்குச் சொல்வார். நம்மூர் மண்ணில் வைத்துச் சொல்கிறேன். ஒரே மூட்டையிலிருந்து விதைநெல்லை அள்ளி, பாதியைப் பாகூர் ஏரிப் பாசனத்திலும் பாதியை உப்புநீர் ஏறிய கழிமுக ஓரத்திலும் விதையுங்கள். அந்தந்த வயலுக்குள் ஒரு பயிர் உயரமாகவும் இன்னொன்று குட்டையாகவும் இருப்பதற்கு முழுக்க விதையே காரணமாக இருக்கலாம். ஆனாலும் இரண்டு வயல்களின் சராசரி உயரத்துக்கிடையே உள்ள வேறுபாட்டில் விதைக்குப் பங்கு பூஜ்யம். வயலுக்குள் விதைக்கு 80 சதவீதம் பங்கு என்ற எண்ணைக் காட்டி, உப்புத்தரையில் நிற்கிற பயிர் பிறவிக் குட்டை என்று சொல்கிறவரை எந்த விவசாயியும் வரப்பில் ஏற்றமாட்டான். நாமோ பல்கலைக்கழகத்தில் ஏற்றி வைத்திருந்தோம். எரிக் டர்க்ஹைமர் 2003இல் அமெரிக்க இரட்டையர்களை வசதிவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, வசதியான வீடுகளில் மரபின் பங்கு தூக்கலாகவும் ஏழை வீடுகளில் ஏறத்தாழ இல்லாமலும் இருந்தது. ஐரோப்பாவில் இந்த ஏற்றத்தாழ்வு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. சமூக உதவிகள் தாராளமாக உள்ள நாடுகள் அவை என்பதையும் சேர்த்து யோசிப்பது வாசகர் பொறுப்பு.

சாதியைப் பற்றிப் பேராசிரியர் ஒரு வார்த்தை எழுதவில்லை. 'பரம்பரை', 'குடும்பச் சூழல்', 'வழிவழி வந்த ஆற்றல்' என்று மட்டும் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறார். விளங்கிக்கொள்ள வேண்டியவர்கள் விளங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறு, ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் காசும் கொடுத்தார்கள். யார் என்ன சாதி என்று யாரும் வாய்திறக்காதபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் உயர்சாதிச் சிறுவர்களுக்குச் சமமாக விடுவித்தார்கள். அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர், சாதி என்று எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசித்தபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் விடுவித்த புதிர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. பரம்பரை ஆற்றலை வாசித்ததும் ஆற்றல் எங்கே போய் ஒளிந்தது?

இத்தனைக்கும் நடுவில் பேராசிரியரே தமக்கு எதிராகச் சாட்சி சொல்லும் பத்தி ஒன்று உண்டு. பேரனை நீட் தேர்வுக்காக இரண்டு வருடம் பயிற்சி மையத்தில் தங்கவைத்ததையும், இரண்டாம் முயற்சியில் மதிப்பெண் எகிறியதையும் பெருமை பொங்க விவரிக்கிறார். வாழ்த்துகள். ஆனால் ஐயா, அறிவு பிறவியிலேயே அடைத்து மூடி அனுப்பப்படுவது என்றால் பயிற்சி மையத்துக்கு எதற்குப் பணம் கட்டினீர்கள்? பேரனுக்கு மட்டும் சூழல் வேலை செய்யும், பாகூர்க் கூலித்தொழிலாளியின் மகளுக்கு மரபணு வேலை செய்யும் என்றால், அது உயிரியலா, உயில் எழுதும் வேலையா? பணம் கட்டி ஏற்றிய மதிப்பெண் 'தகுதி'. பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அரசு ஒதுக்கும் பத்தில் ஒரு இடம் 'சலுகை'. கட்டுரையின் மிச்சம் அத்தனையும் இந்த ஒரு பத்திக்குப் போட்ட முகமூடி.

அறிவு என்பது ஒரே பொருள், ஒரே எண்ணில் அடங்கும் என்ற அவருடைய அடிப்படை நம்பிக்கைக்கு நம்மூர்ச் சரித்திரத்திலேயே மறுப்பு இருக்கிறது. வெள்ளிக் கோளின் கடப்பைப் பார்க்க வந்து 1769இல் மேகம் மறைத்து ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல், புதுச்சேரியில் இருந்த நாளில் தமிழர்கள் கிரகணம் கணிப்பதைக் கற்றுக்கொள்ள முயன்றார். காகிதமில்லை, சோழிகளை வைத்து, மனப்பாடமாயிருந்த வாய்பாடுகளைக் கொண்டு கணக்கு ஓடியது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைத்துச் சொன்னது. அன்று ஐரோப்பாவில் பேர்பெற்றிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 வினாடி கூட்டிச் சொன்னது. 1825இல் ஜான் வாரன் இதே புதுச்சேரியில் இன்னொரு சோழிக் கணக்கரைச் சந்தித்தார். கிரகணத்தைக் கணித்துத் தந்த அந்த மனிதருக்கு அதன் பின்னாலுள்ள கோட்பாடு எதுவும் தெரியாது என்றும் எழுதிவைத்தார். இவரைப் பேராசிரியரின் அளவுகோலில் எந்தக் கோட்டில் நிறுத்துவது? இன்றும் வீராம்பட்டினத்தில் மீன் ஏலம் முடிந்த கையோடு, கூட்டாக எடுத்த கூடையைக் கூறு போட்டு, வண்டிக்கூலி, ஐஸ், வட்டி எல்லாம் கழித்து ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு பெண் சொல்லி முடிப்பதற்குள் நமக்கு செல்போனில் கால்குலேட்டர் திறந்திருக்காது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அடங்கிய குழு சோதித்து 2025இல் 'நேச்சர்' இதழில் எழுதியது: வியாபாரத்தில் சிக்கலான கணக்கை மனத்தில் போடும் பிள்ளைகள் பள்ளிப் பாணியில் எழுதிக் கேட்டதும் தடுமாறினார்கள், பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஒரு பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு மறுபக்கத்தை முட்டாள் என்பது எந்த ஊர் அறிவியல்?

கடைசியாக அந்த யோசனை, பத்து வயதில் பிரித்துவிடுவது. புதிதென்று நினைத்துவிட்டார் பாவம். 1944 சட்டத்துக்குப் பின் இங்கிலாந்து 11 வயதுப் பிள்ளைகளை ஒரு தேர்வு வைத்து இரு திசையில் அனுப்பியது. அதற்குக் கருத்து பலம் கொடுத்தவர்களில் நம் 0.771 பர்ட்டும் ஒருவர். 1965இல் அந்நாட்டு அரசே இந்தப் பிரிப்பைக் கைவிடும்படி உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது. அவர்கள் குப்பைக்கூடையில் போட்டதை இவர் அரியாங்குப்பத்துக்கு இறக்குமதி செய்கிறார். இங்கிலாந்துக்காரரை எதற்குத் தேடினார்? தேர்வை உண்டாக்கியவர் பிரெஞ்சுக்காரர். ஆல்ஃப்ரெட் பினே 1905இல் தியோடோர் சிமோனோடு அதை வெளியிட்டபோது இந்த ஊரில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. பாரிஸ் பள்ளிகளில் எந்தப் பிள்ளைக்குத் தனி உதவி தேவை என்று கண்டுபிடித்து உதவுவதுதான் பினேயின் நோக்கம். ஒருவனின் அறிவு கூட்டவே முடியாத நிலையான அளவு என்று பேசுவோரை 1909இல் வெளியிட்ட நூலில் அவர் கடுமையாக மறுத்தார். 1911இல் இறந்துபோனார், அவர் பயந்ததையெல்லாம் நிறைவேற்றும் வேலையை அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, எந்தத் தேர்வை வைப்பாராம்? நம் மருத்துவமனைகளில் இன்றும் புழங்குவது பினே–காமத் தேர்வு. வி. வி. காமத் 1930களில் தார்வாட் பக்கத்தில் கன்னடமும் மராத்தியும் பேசிய பிள்ளைகளை வைத்துச் சீரமைத்தது. குறைபாடுள்ள பிள்ளைக்குச் சான்றிதழ் பெற்றுத் தர, வேறு வழியில்லாமல், மற்றச் சோதனைகளோடு சேர்த்து அதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அனுபவமுள்ள உளவியலர் அதன் எல்லையைத் தெரிந்தே கையாள்கிறார். அதை எடுத்துக்கொண்டு ஒரு கொம்யூனின் பிள்ளைகள் முழுவதையும் தரம்பிரிப்பது என்றால், 2020களின் நோணாங்குப்பத்துச் சிறுமியை 90 வருடத்துக்கு முந்தைய தார்வாட் சிறுவனோடு ஒப்பிட்டு அவளுடைய தலையெழுத்தை எழுதுவது என்று பொருள்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு திட்டத்தோடு யாராவது பள்ளி வாசலுக்கு வந்தால், எந்தத் தேர்வு, எந்த ஆண்டு சீரமைத்தது, எந்தப் பிள்ளைகளோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். விரல் ரேகையைப் பார்த்து அறிவைச் சொல்கிறேன் என்று காசு கேட்டு வருகிற கும்பலிடம் அந்தக் கேள்விகூட வேண்டாம், கதவைச் சாத்துங்கள். ஆனால் பிள்ளை படிப்பில் திணறுகிறது, உதவி தேவைப்படலாம் என்று ஆசிரியரோ மருத்துவரோ சொல்லி, உளவியலரிடம் சோதிக்கச் சொன்னால் தயங்காமல் கூட்டிப்போங்கள். பினே அந்தத் தேர்வை உண்டாக்கியது அதற்காகத்தான்.